பதினோராம் நாள் போர்வை

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்: அம்மா, அப்பா, பிரசவத்துக்கு வந்திருந்த சித்தி, சித்தப்பா, வேப்பம்பட்டிலிருந்து வந்த சித்தப்பாவின் அக்கா, பக்கத்து போர்ஷன் அக்கா, நான். பிறந்து பதினோரு நாள் ஆன குழந்தையையும் சேர்த்தால் எட்டு. இவ்வளவு வருஷம் கழித்தும் சரியாகச் சொல்ல முடிகிறதென்றால், காலையிலிருந்து நான் அவர்களையே எண்ணிக்கொண்டிருந்ததுதான் காரணம். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னை அடிக்கப் போகிறவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு அது. என்னையும் குழந்தையையும் கழித்தால் ஆறு. அதில் பக்கத்து போர்ஷன் அக்கா அடிக்க மாட்டாள், போலீஸைத்தான் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். அப்போது எனக்குப் பத்து வயது.

பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால், வரிசையாக ஐந்து போர்ஷன் உள்ள வீட்டில் கடைசி போர்ஷன் எங்களுடையது. ரயில் போனால் தட்டில் இருக்கும் டம்ளர் நகரும். அம்மா அப்போது வீட்டிலிருந்தே குழந்தைப் போர்வை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனி, வெளிநாட்டுக்கு அனுப்புகிற சரக்கு. வெட்டின துணி கட்டுக்கட்டாக வரும். மேலே ஒரு மெத்தென்ற துணி, கீழே ஒன்று, நடுவில் வெள்ளைப் பஞ்சு. மூன்றையும் உள்பக்கம் வெளியே தெரிய வைத்துச் சுற்றித் தையல் அடித்து, ஒரு இடத்தில் கை நுழைகிற அளவுக்குச் சந்து விட்டு, அது வழியாகத் திருப்ப வேண்டும். ஒரு மூலையில் குழந்தையின் தலைக்கென்று முக்கோணத் தொப்பி. திருப்புவதும், மூலையைக் குச்சியால் குத்தி எடுப்பதும், நூல் பிசிறு வெட்டுவதும் என் வேலை. மெஷினைத் தொடக் கூடாது. அதில் மோட்டார் இருந்தது.

தொடாமலிருக்க அம்மா ஒரு பயத்தை எனக்குள் போட்டு வைத்திருந்தாள். ஊசித் துண்டு உடம்பில் ஏறிவிட்டால் ஒரே இடத்தில் நிற்காது, ரத்தத்தோடு ஓடிக்கொண்டே இருக்கும், ஓடி ஓடிக் கடைசியில் நெஞ்சில் போய்க் குத்தும் என்பாள். எனக்கு இயல்பிலேயே பயந்த சுபாவம். இந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து முள் குத்தினால்கூட நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

கம்பெனியில் ஊசிக்கு ஒரு சட்டம் இருந்தது. உடைந்தால் துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கி, ஒரு நோட்டில் செல்லோ டேப் போட்டு ஒட்ட வேண்டும். துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் முழு ஊசி வர வேண்டும். வந்தால்தான் புது ஊசி கொடுப்பார்கள். அம்மாவிடம் அப்படி ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. கம்பெனிக்காரர் சரியான கஞ்சன், உடைந்த ஊசியைக்கூட விடாமல் வாங்கிப் பழைய இரும்புக்குப் போடுகிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

சித்திக்கு வலி கண்ட அன்று அரைப்பரீட்சை லீவு. அப்பா முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். அம்மா நாலு டஜன் போர்வையை முடித்து, மெஷினை ஒட்டினாற்போலப் பாயில் அடுக்கி வைத்திருந்தாள். சாயங்காலம் கம்பெனி வண்டி வந்து எடுத்துப் போகும். மிஞ்சின துண்டுகளை ஒட்டுப் போட்டு, பிறக்கப் போகிற குழந்தைக்கென்று ஒன்று தனியாகத் தைத்துக்கொண்டிருந்தாள். திருப்பியும் ஆகிவிட்டது. சந்தை மூட வேண்டியதுதான் பாக்கி. அப்போது சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு, "அக்கா" என்றாள்.

ஆட்டோ வந்தது. ஏறும்போது அம்மா என்னைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"கதவ சாத்திகினு உள்ளயே இரு. மெஷின் பக்கம் போன, கைய ஒடச்சி அடுப்புல வெச்சிருவேன்."

ஒரு மணி நேரம் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன். பிறகு கவலை வந்தது. குழந்தை இந்நேரம் பிறந்திருக்கும், போர்வை தயாராகவில்லையே என்ற கவலை. இதைச் சொன்னால் இப்போதும் யாரும் நம்புவதில்லை, ஆனால் அதுதான் உண்மை. கெட்ட எண்ணத்தில் நான் மெஷினில் உட்காரவில்லை.

நாலு விரல் நீளம் நேராகத்தான் போனது. தொப்பி மூலை வந்ததும் துணி தடித்துப் போய் நகர மறுத்தது. பின்பக்கம் கைவிட்டுப் பிடித்து இழுத்தேன். டக்கென்று ஒரு சத்தம். மோட்டார் வெறும் காற்றில் ஓடியது.

மேல் துண்டு மெஷினிலேயே நின்றது. நடுத்துண்டு பலகை மேல் கிடந்தது. முனை இல்லை. சீரகம் அளவு முனை.

பலகையைத் துடைத்தேன். தரையை ஈரத்துணியால் இழுத்தேன். பாவாடையை உதறினேன். குழந்தைக்கான போர்வையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். பஞ்சுக்குள் சீரகத்தைத் தேடுவது எப்படி? கடைசியில், அம்மா பவுடர் டப்பாவில் வைத்திருந்த சொந்த ஊசி ஒன்றை எடுத்து மாட்டி, மீதிச் சந்தைக் கோணலாக மூடினேன். இரண்டு துண்டுகளையும் ஜன்னல் வழியாகத் தண்டவாளப் பக்கம் எறிந்தேன். நோட்டில் ஒட்டியிருந்தாலாவது அம்மா எண்ணிப் பார்த்திருப்பாள். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டேன்.

சாயங்காலம் கம்பெனி ஆள் வந்து நாற்பத்தெட்டையும் எண்ணி மூட்டை கட்டிக்கொண்டு போனார். அவர் ஊசியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர் போனதும் பாதி பாரம் இறங்கினாற்போல இருந்தது.

பையன் பிறந்திருந்தான். அம்மா சோர்ந்து போய் வந்தவள், மூடியிருந்த போர்வையைப் பார்த்ததும் நின்றாள். "இத யாருடி மூடனது?" நான் வாயைத் திறக்குமுன் அழுகை வந்துவிட்டது. அப்போதே அடித்திருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அவள் அந்தக் கோணல் தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "சரி போ. கோணலா இருந்தா இன்னா. தம்பிக்கு அக்கா தெச்சதுன்னு இருக்கட்டும்." மறுநாள் பால்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறாள், என் பெண் மெஷினில் தைத்தாள் என்று. இவ்வளவு பாராட்டுக்குப் பிறகு ஊசி உடைந்ததை எப்படிச் சொல்வது?

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கு உடனே புதுத்துணி போட மாட்டார்கள். பதினோராம் நாள் தீட்டுக் கழித்து, அத்தை வந்து அரைஞாண் கட்டின பிறகுதான் புதுசு. அதுவரை பழைய வேட்டிதான். அப்பாவின் வேட்டி இரண்டை வெந்நீரில் போட்டு எடுத்து, வெயிலில் காயவைத்து, சதுரம் சதுரமாகக் கிழித்து வைத்திருந்தாள் அம்மா. ஒரு சதுரத்தைச் சாய்வாக விரித்து, மேல் மூலையை மடித்து, அதன்மேல் குழந்தையைப் படுக்க வைப்பாள். இந்தக் கையைப் பக்கவாட்டில் ஒட்டி ஒரு மடிப்பு, கால் பக்கம் தூக்கி ஒரு மடிப்பு, அந்தக் கையை ஒட்டி இன்னொரு மடிப்பு. நுனியை முதுகுக்கடியில் செருகினால் குழந்தை கோன் ஐஸ் மாதிரி ஆகிவிடும். முகம் மட்டும் தெரியும். அழுகை நின்றுவிடும். பக்கத்து போர்ஷன் அக்கா ஒரு நர்ஸிங் ஹோமில் வேலை பார்த்தவள். "கால மட்டும் இறுக்காதக்கா, தவள மாரி உட்டுடு. இடுப்பு எலும்பு நகந்துடும்" என்று தினமும் வந்து சொல்லிவிட்டுப் போவாள்.

ஆகவே பதினோராம் நாள் வரை குழந்தைக்கு ஆபத்து இல்லை. புதுப்போர்வை பிளாஸ்டிக் கவரில் பீரோ மேல் இருந்தது. நான் நாட்களை எண்ண ஆரம்பித்தேன்.

யாருமில்லாத நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுப்பேன். கன்னத்தில் வைத்துத் தேய்ப்பேன். கைக்குள் சுருட்டி அமுக்குவேன். ஒரு நாள் தரையில் விரித்து அதன்மேல் உட்கார்ந்தே பார்த்தேன். குத்தவில்லை. குத்தியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். உடைந்த ரேடியோவிலிருந்து காந்தத்தைப் பிடுங்கி அங்குலம் அங்குலமாக ஓட்டினேன். காந்தத்தில் எதுவும் வந்து ஒட்டவில்லை. முனை இல்லையென்று அர்த்தமா, பஞ்சு ஆழம் என்று அர்த்தமா?

ஆறாம் நாள் பக்கத்து போர்ஷன் அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன், ஊசி உடம்பில் ஏறினால் நெஞ்சுக்குப் போய்விடுமா என்று. ஆஸ்பத்திரி வேலை தெரிந்தவள், இல்லை என்று சொல்லுவாள் என்று நம்பித்தான் கேட்டேன்.

"போவாம? நெஞ்சுல கொஞ்ச நேரம் குந்திட்டு, அப்பால மூளைக்குப் போவும்" என்று சொல்லி, என் தலையில் தட்டினாள். "ஏன்டீ, எவள கொல்லப் போற?"

அவள் சிரித்துக்கொண்டே போனாள். நான் அன்று இரவு சாப்பிடவில்லை.

எட்டாம் நாள் போர்வை மேல் வேண்டுமென்றே தேங்காயெண்ணெயைக் கொட்டினேன். கறை பட்டால் ஒதுக்கிவிடுவார்கள் என்று எண்ணம். அம்மா முதுகில் ஒன்று போட்டாள். சோப்புப் போட்டுக் கல்லில் அடித்துத் துவைத்து வெயிலில் போட்டாள். ஒவ்வொரு அடிக்கும் முனை பஞ்சுக்குள்ளிருந்து வெளிப்பக்கம் நகர்ந்து வருகிறது என்று எனக்குத் தோன்றியது. அடிக்க வேண்டாம் என்று சொன்னேன். "இவ ஒருத்தி, கல்லுக்குப் பாவம் பாக்கறா" என்றாள் அம்மா.

பதினோராம் நாள் காலையில் வீடு கழுவியாயிற்று. சித்தி தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி உட்கார்ந்திருந்தாள். அப்பாவும் சித்தப்பாவும் வாசலில் வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். "இன்னா சகல, இலைய இவ்ளோ சின்னதா அறுக்கற? எங்கக்கா துன்றது உனக்குத் தெரியாது" என்று சித்தப்பா சொல்ல, உள்ளேயிருந்தே அவர் அக்கா, "கேட்டுகினுதான்டா கீறேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் பீரோ மேலிருந்த கவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பாவின் அக்கா குழந்தைக்கு அரைஞாண் கட்டினாள். கன்னத்தில் மை வைத்தாள். பிறகு பையிலிருந்து கடையில் வாங்கின நீலப் போர்வையை எடுத்தாள். எனக்கு உயிர் வந்தது.

ஆனால் அம்மா முந்திக்கொண்டாள். "அண்ணி, மொதல்ல இது. எம்பொண்ணு தெச்சது. அவ ஆசப்பட்டு தெச்சிருக்கா." பீரோ மேலிருந்து கவரை எடுத்துப் பிரித்தாள்.

"ஒட்டுத்துணியா?" என்றாள் சித்தப்பாவின் அக்கா. பிறகு கொஞ்சம் இறங்கி, "சரி, புள்ள கையால செஞ்சது. சுத்து, பாக்கலாம்" என்றாள்.

அம்மா போர்வையைச் சாய்வாக விரித்தாள். தொப்பி மூலை மேலே. குழந்தையைப் படுக்க வைத்தாள். ஒரு மடிப்பு. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் பக்கம் இரண்டாவது மடிப்பு. குழந்தை கொட்டாவி விட்டது. மூன்றாவது மடிப்பை இழுத்து முதுகுக்கடியில் செருகினாள். குழந்தை முகம் சுருங்கியது. வாய் திறந்து, சத்தமே வராமல் ஒரு விநாடி அப்படியே நின்று, பிறகு வீறிட்டது.

நான் எப்படிப் போனேன் என்று தெரியாது. போர்வையின் நுனியைப் பிடித்து இழுத்துவிட்டேன். குழந்தை அம்மா மடியில் உருண்டது. சித்தி அலறினாள்.

"இன்னா பொண்ணும்மா இது! புள்ளைய கீழ தள்ளப் பாக்குது!" சித்தப்பாவின் அக்கா என் கையைப் பிடித்து முறுக்கினாள்.

"அதுக்குள்ள ஊசி கீது" என்றேன். "ஒடஞ்சிபோச்சு. முனைய காணோம். நெஞ்சுக்குப் போயிடும்."

குழந்தை அழுதுகொண்டே இருந்தது. சித்தி அதை வாரி எடுத்து, கை, கால், முதுகு, விரலிடுக்கு என்று தடவினாள். அவள் தடவின வேகத்தில் குழந்தையின் தலை ஆடியது. பக்கத்து போர்ஷன் அக்கா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சித்தப்பா வாசலில் இலைக்கத்தியோடு நின்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அந்த முனையா? அது அன்னிக்கே எங்கால்ல குத்திச்சுடி. எடுத்து நோட்டுல ஒட்டிட்டேனே. இதுக்கா பத்து நாளா மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற?"

"நல்லா பாத்தியாம்மா? முனைதானா?" என்றாள் சித்தப்பாவின் அக்கா.

"முனைதான் அண்ணி. கம்பெனியில கணக்கு குடுத்தாச்சு. புள்ளைக்குப் பசி, அதான் அயுவுது. நீ பால் குடும்மா."

சித்தி அழுதுகொண்டே பால் கொடுத்தாள். குழந்தை குடித்தது. அம்மா என் போர்வையைச் சுருட்டி, "எண்ண நாத்தம் இன்னும் போவல" என்று சொல்லி ஓரமாக வைத்துவிட்டு, கடையில் வாங்கின நீலப் போர்வையால் குழந்தையைச் சுற்றினாள். யாரும் என்னை அடிக்கவில்லை. சித்தப்பாவின் அக்கா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "பைத்தியமே" என்று சொல்லி, தன் இலையிலிருந்த வடையை எடுத்து வைத்தாள். நான் இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தேன். பத்து நாள் தூக்கத்தையும் அன்று மத்தியானமே தூங்கினேன்.

எழுந்தபோது விருந்தாளிகள் போயிருந்தார்கள். அம்மா கொல்லைப்பக்கம் வெளிச்சத்தில் உட்கார்ந்து என் போர்வையைப் பிரித்திருந்தாள். பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துத் தாம்பாளத்தில் பரப்பி, விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாள். என்னம்மா செய்கிறாய் என்று கேட்டதற்கு, கோணலாக இருக்கிறது, பிரித்துத் தைக்கப் போகிறேன் என்றாள். எனக்கு முகம் விழுந்துபோயிற்று. எல்லோர் எதிரிலும் பெருமையாகச் சொல்லிவிட்டு, இப்போது இப்படியா?

அன்றிலிருந்து குழந்தையை அவள் தரையில் விடவில்லை. சித்தி தூங்கும்போதெல்லாம் மடியிலேயே வைத்திருந்தாள். பாய் இரண்டையும் தெருவில் கொண்டுபோய் உதறி, திரும்ப உள்ளே கொண்டுவரவே இல்லை. தினமும் இரண்டு வேளை வெறும் உள்ளங்கையால் தரையைத் தடவித் துடைத்தாள். தங்கை பிள்ளை மேல் இவ்வளவு பாசமா, என்னை இப்படி வைத்திருந்தாளா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

விருந்துக்கு மறுநாளே என்னையும் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். என்னைக் கேட் அருகே உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்பெனிக்காரர் உட்கார்ந்திருந்தார். அம்மா நின்றபடி ஏதோ சொன்னாள். அவர் எழுந்தார். அம்மா நீட்டிய நோட்டை வாங்கி மேஜை மேல் அடித்தார். யாரையோ கூப்பிட்டுக் கத்தினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே நின்றாள். வெளியே வரும்போது அவள் கையில் பணமும் இல்லை, புதுக் கட்டும் இல்லை. அதன்பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து துணி வரவே இல்லை. ஏமாற்றுக்காரன் என்று நானும் அவரை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அது காதில் விழுந்தால் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

எட்டாவதோடு படிப்பு நின்று, சில வருஷம் கழித்து நானும் திருமுல்லைவாயல் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் சூப்பர்வைசர் அம்மா எங்களை வரிசையாக நிற்கவைத்து ஊசிச் சட்டத்தைச் சொன்னாள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த லாட் சரக்கு முழுவதையும் பிரித்து, ஒவ்வொன்றாக ஊசி கண்டுபிடிக்கிற மெஷினில் விட்டுச் சோதிக்க வேண்டும். செலவு தைத்தவர் தலையில். "போட்டுக்கப் போறது யாரோ ஒரு கொயந்தம்மா" என்றாள்.

எங்கள் வீட்டில் உடைந்ததை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. நான்தான் வேறு ஊசி மாட்டிவிட்டேனே. அம்மா கம்பெனியில் போய்ச் சொல்லாமலே விட்டிருக்கலாம். பத்து நாளும் நான் ஒரே ஒரு குழந்தைக்காகத்தான் பயந்தேன். மெஷின் பக்கத்தில் அடுக்கியிருந்த நாற்பத்தெட்டு என் நினைப்பிலேயே வரவில்லை. மூட்டை வெளியே போனபோது பாரம் இறங்கியது என்று வேறு இருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்த முனை கெடச்சுதாம்மா?"

"கெடச்சுது."

"எங்க?"

"நாப்பத்தெட்டுல ஒண்ணுத்துல. தொப்பிக்குள்ள. தல வெக்கிற எடத்துல." காம்பை ஒடித்துப் போட்டாள். "கப்பல் ஏத்தறதுக்கு ரெண்டு நாள்தான் இருந்துச்சாம்."

கூலியை அப்புறம் கேட்கவே இல்லையா என்றேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது என்றாள். நாலு டஜன், ஒன்றுக்கு எட்டு ரூபாய். முந்நூற்று எண்பத்து நாலு ரூபாய், இன்னும் வரவில்லை.